கைவினைஞனும் காணியுறுதியும்: ஜெஃப் மின்டரின் படைப்புலகம் பற்றி

ஒரு கலைவடிவத்தை அதன் உற்பத்திச் சாதனங்களிலிருந்தும் உற்பத்தி உறவுகளிலிருந்தும் பிரித்து நோக்கலாகாது என்பது நமக்குப் புதிய பாடமன்று. பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) வெளிவந்த காலந்தொட்டு, இலக்கிய வடிவங்களைச் சமூகப் பின்னணியில் வைத்து ஆராயும் முறை ஈழத்து விமர்சன மரபின் முதுகெலும்பாகவே இருந்து வந்துள்ளது. ஆயினும் அச்சுக்குப் பிற்பட்ட கலைவடிவங்களை எதிர்கொள்ளும்போது நம்மவர் பலர் மௌனிகளாகிவிடுகின்றனர். சினிமா பற்றி ஓரளவு எழுதப்பட்டுள்ளது. கணினி விளையாட்டோ 'சிறுவர் பொழுதுபோக்கு' என்றும் 'ஏகாதிபத்திய நுகர்பண்டம்' என்றும் இரண்டு வாய்பாடுகளுக்குள் அடக்கப்பட்டு ஒதுக்கப்படுகின்றது. வாய்பாடு விமர்சனமாகாது. நாவலும் ஒருகாலத்தில் இளம்பெண்களைக் கெடுக்கும் பொழுதுபோக்கு என்றே பழிக்கப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது பிரித்தானிய நிரலாளர் ஜெஃப் மின்டரின் படைப்பு வாழ்க்கையாகும். 1962 இல் ரெடிங் நகரிற் பிறந்த மின்டர், 1982 இல் லாமாசொஃப்ட் என்னும் தமது சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயரிலேயே தொழில் செய்து வருகின்றார். அவருடன் தொடங்கியவருட் பெரும்பாலானோர் பெருநிறுவனங்களிற் கரைந்தனர், அல்லது தொழிலை விட்டு நீங்கினர். மின்டர் வேல்ஸ் நாட்டுப் பண்ணையொன்றில் செம்மறிகளோடும் லாமாக்களோடும் வாழ்ந்தவண்ணம், 1980களின் தொடக்கத்து விளையாட்டுக்கூட வடிவங்களையே திரும்பத் திரும்பப் புதுக்கி வந்துள்ளார். முதலாளித்துவப் பத்திரிகைகள் இவரைக் 'கோணங்கி மேதை' என்று கொண்டாடுவதோடு நின்றுவிடுகின்றன. நீண்ட தலைமுடியும் செம்மறிகளுமே அவற்றுக்குச் செய்தி. இடதுசாரிகளிற் சிலரோ, இவரைப் பொருட்படுத்தினால், 'குட்டி பூர்ஷ்வாத் தப்பியோடி' என்று முத்திரை குத்தி விலகுவர். இவ்விரு நோக்குகளும் ஒரே தவறின் இரு பக்கங்கள் என்பது நமது கருத்து. இரண்டுமே மனிதனின் குணவியல்பைப் பேசுகின்றன; அவன் எதை உடைமையாகக் கொண்டிருந்தான், எதைக் கொண்டிருக்கவில்லை என்ற கேள்வியை எழுப்புவதில்லை.

முதலில் அடித்தளத்தை நோக்குவோம். 1982 ஜனவரியிற் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியது. மார்கரட் தட்சரின் ஆட்சி கனரகக் கைத்தொழிலைச் சிதைத்துக்கொண்டிருந்த அதே வேளையில், 1981 இல் சின்கிளயர் நிறுவனத்தின் இசட்எக்ஸ்81 கணினி 69.95 பவுணுக்கு விற்பனைக்கு வந்தது. பாகங்களை வாங்கித் தாமே பொருத்திக்கொள்வோர்க்கு 49.95 பவுண். நெசவுத்தறியோ அச்சியந்திரமோ ஒருபோதும் இவ்வளவு மலிந்ததில்லை. உழைப்பாளியின் கையிலிருந்து உற்பத்திச் சாதனம் பறிக்கப்படுவதே முதலாளித்துவ வளர்ச்சியின் பொதுவிதி. இங்கோ, குறுகியதொரு காலத்துக்கு, ஒரு துறையில் மட்டும், அது உழைப்பாளியின் படுக்கையறைக்கே திரும்பி வந்தது. ஐந்து கிலோபைற்று நினைவகம் மட்டுமே கொண்ட கொமடோர் விக்-20 பொறியில் ஒருவர் தனித்தே ஒரு விளையாட்டை முழுமையாக எழுதி, ஒலிநாடாவிற் பதிந்து, சஞ்சிகையில் விளம்பரமிட்டுத் தபாலில் அனுப்பிவிட இயன்றது. லாமாசொஃப்டின் வணிக அலுவல்களை நடத்தியவர் மின்டரின் தாயார். குடும்பமே உற்பத்தி அலகு; வீடே பட்டறை. மார்க்ஸ் வகுத்த கருத்தினங்களிற் கூறுவதாயின் இது சிறுபண்ட உற்பத்தியன்றி வேறன்று.

இந்நிலையின் அருமையை உணர அத்திலாந்திக்கின் மறுகரையை நோக்க வேண்டும். அட்டாரி நிறுவனம் தனது நிரலாளரின் பெயர்களை விளையாட்டுகளில் வெளியிடுவதில்லை என்ற கொள்கையைக் கடைப்பிடித்தது. தமது உழைப்பு ஈட்டிய இலாபத்துக்கேற்ற பங்கும் மதிப்பும் மறுக்கப்பட்டமையால் 1979 இல் நிரலாளர் நால்வர் வெளியேறி அக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்குவதிற் பங்குகொண்டனர். வாரன் ரொபினெட் 'அட்வென்சர்' என்னும் விளையாட்டுக்குள் ஓர் இரகசிய அறையைக் கட்டி அதில் தமது பெயரை ஒளித்துவைத்தார். கோயிற் கோபுரத்து மூலையில் தன் முகத்தைச் செதுக்கிய சிற்பியைப் போன்ற செயல். மின்டருக்கு ஒளிக்க வேண்டிய தேவையிருக்கவில்லை. 'யாக்' என்ற அவரது புனைபெயர்கூட விளையாட்டுக்கூடப் பொறிகளின் புள்ளிப்பட்டியலில் மூன்றே ஆங்கில எழுத்துகள் பதியலாம் என்ற விதியிலிருந்து பிறந்ததே. ஒட்டகம், லாமா, செம்மறி, ஆடு என அவரது விலங்குகள் திரையெங்கும் உலவின. அவற்றை நாம் கைவினைஞனின் குறியாகவே கொள்கின்றோம்.

இனி, படைப்புகளுக்கு வருவோம். 1982 இன் 'கிரிட்ரன்னர்' ஏறத்தாழ ஒரு வாரத்தில் எழுதப்பட்டது. அதன் கரு அட்டாரியின் 'சென்டிபீட்' விளையாட்டினின்று கிளைத்தது. 1983 இன் 'அட்டாக் ஒஃப் தி மியூட்டன்ட் கமல்ஸ்', நட்சத்திரப் போர்த் திரைப்பட வரிசையின் இரண்டாம் படத்தைத் தழுவிப் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட விளையாட்டின் அமைப்பை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள பேரரசின் நடக்கும் கவச வாகனங்களுக்குப் பதிலாக ஒட்டகங்களை நிறுத்தியது. அடுத்த ஆண்டு 'ரிவென்ஜ் ஒஃப் தி மியூட்டன்ட் கமல்ஸ்' வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று: இப்போது ஆடுபவரே ஒட்டகம். வேட்டையாடப்பட்டதன் பக்கத்திலிருந்து கதையை மீண்டும் சொல்லும் இவ்வுத்தி நகைச்சுவையாகத் தொடங்கினும் வெறும் நகைச்சுவையன்று. 1991 இன் 'லாமட்ரொன்' 1982 இல் வந்த 'ரொபொட்ரொன்: 2084' என்பதன் மறுவாக்கம்.

'சொந்தக் கற்பனை இல்லாதவர்' என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவோர் தனிமனித மூலச்சிறப்பு என்னும் பூர்ஷ்வாக் கருதுகோளை அளவுகோலாக்குகின்றனர். வாய்மொழி மரபிற் பாணர் பழகிவந்த வாய்பாடுகளையும் பொருட்கூறுகளையும் பொதுச்சொத்தாகக் கொண்டே பாடினர் என்பதை கைலாசபதி தமது வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில ஆய்வில் (1968) விரித்துரைத்தமை நாம் அறிந்ததே. துறையும் திணையும் எவர்க்கும் தனியுரிமையல்ல. பாணனின் திறன் அவற்றை இசைக்கும் முறையில் இருந்தது. விளையாட்டுக்கூட வடிவங்கள் 1978க்கும் 1983க்கும் இடையில் ஏறத்தாழ இவ்வாறே பொதுச்சொத்தாக இயங்கின. மின்டர் அவ்வடிவங்களின் பாணர். இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு என்பதையும் சொல்லிவைத்தல் நன்று: பாணனுக்குப் புரவலன் இருந்தான், மின்டருக்குச் சந்தை.

அவரது தொடக்ககாலப் படைப்புகளுள் நாம் தனித்து நோக்க விரும்புவது 1983 இன் 'ஹோவர் பொவ்வர்'. புறநகர்ப் பிரித்தானிய மனிதன் ஒருவன் அயலவனின் புல்வெட்டும் இயந்திரத்தைக் கேளாமல் எடுத்துவந்து தன் முற்றத்துப் புல்லை வெட்ட வேண்டும். உரிமையாளன் துரத்துகின்றான். நாயை ஏவி அவனைத் தடுக்கலாம். ஆனால் நாயின் விசுவாசம் எல்லையற்றதன்று, அது குறைந்துகொண்டே வரும். இயந்திரத்தின் இரைச்சலைச் சகிக்கும் அதன் பொறுமையும் தேயும். இயந்திரம் சூடேறி நின்றுபோகும். பூப்பாத்தியின்மேல் ஓட்டினாலோ தோட்டக்காரனும் துரத்தத் தொடங்குவான். இவ்வளவே விளையாட்டு. விண்கலமில்லை, வெடிகுண்டில்லை. மத்தியதர வர்க்கத்தின் ஒழுங்குடைமைக்குச் சின்னமான பசும்புல் முற்றத்தைப் பேணுவதற்கு அவ்வர்க்கத்தவனே தனியுடைமை விதியை மீற வேண்டியிருக்கின்றது! உழைப்பும் களவும் ஒரே செயலாக, ஒரே விரலசைவாக, ஆடுபவரின் கையில் நிகழ்கின்றன. நாயின் விசுவாசம் குறையும் ஓர் அளவுகோலாகத் திரையிற் காட்டப்படுவதில் எத்தகைய கிண்டல் ஒளிந்திருக்கின்றது! தட்சர் காலத்து உடைமைக் கருத்தியலைப் பல மேடை நாடகங்களைவிடக் கூர்மையாக இச்சிறு ஒலிநாடா தொட்டுள்ளது என்பது நமது மதிப்பீடு. மின்டர் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. பால்சாக்கின் அரசியல் ஒருபுறமிருக்க அவரது நாவல்கள் மறுபுறம் பேசியதை எங்கெல்ஸ் சுட்டிக்காட்டியுள்ளார்.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழுதல் இயல்பு. 1984–85 இல் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் ஓராண்டுக் காலம் வேலைநிறுத்தம் செய்து போராடினர். அதே 1984 இல் 'வான்டட்: மொன்டி மோல்' என்ற விளையாட்டில், நிலக்கரி திருடும் அகழெலிக்கெதிராகச் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கிலின் உருவமே தோன்றியது. மின்டரின் அவ்வாண்டுப் படைப்புகளில் இப்போராட்டத்தின் சுவடு ஏதும் இல்லையே? இல்லைதான். ஆனால் நிகழ்வொன்றின் பெயர் இடம்பெறுதலே யதார்த்தம் எனக் கொள்வது கொச்சைச் சமூகவியல். 'மொன்டி மோல்' போராட்டத்தை விற்பனைக்குரிய தலைப்புச் செய்தியாகப் பயன்படுத்தியது, அவ்வளவே. சமூக உறவு ஒரு படைப்பினுட் புகும் வழி பெரும்பாலும் வடிவமேயன்றிக் கதைப்பொருளன்று.

1984 இல் மின்டர் செய்த வேறொன்று இதற்குச் சான்று. 'சைக்கெடெலியா' என்னும் அந்நிரல் விளையாட்டன்று; 'ஒளி இசைக்கருவி' எனலாம். புள்ளியில்லை, பகைவனில்லை, தோல்வியில்லை. இசை ஒலிக்க, பயன்படுத்துபவர் கைப்பிடியை அசைத்துத் திரையில் வண்ணக் கோலங்களை விரிக்கின்றார். 1985 இல் 'கலர்ஸ்பேஸ்', 1988 இல் 'ட்ரிப்-எ-ட்ரொன்' என இம்முயற்சி தொடர்ந்தது. போட்டியையே உயிர்நாடியாகக் கொண்ட ஒரு பண்ட வடிவத்தினுள்ளிருந்து போட்டியை நீக்கிவிட்டு நுகர்வோனைக் கலைஞனாக்க முனைவது சிறு செயலன்று. வால்டர் பெஞ்சமின் 1934 இல் எழுத்தாளனை உற்பத்தியாளனாகக் கருதி முன்வைத்த கேள்வி, படைப்பு உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன சொல்கின்றது என்பதன்று. அவ்வுறவுகளுக்குள் அது எங்கு நிற்கின்றது என்பதே. நுகர்வோரை உற்பத்தியாளராக்கும் சாதனமே சிறந்தது என்று அவர் கருதினார். ஒளி இசைக்கருவி அக்கருத்துக்கு நெருங்கி நிற்கின்றது. அது மின்டரின் விளையாட்டுகளைப் போல் விற்கவில்லை என்பதில் வியப்பில்லை. பின்னர் இதே கலை 1995 இல் அட்டாரி ஜாகுவார் இறுவட்டுக் கருவியிலும், 2005 இல் மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸ் 360 பொறியில் 'நியோன்' என்னும் பெயரிலும் உட்பொதிக்கப்பட்டது. இசைக்கருவியாகப் பிறந்தது விற்பனைப் பண்டத்தின் அலங்காரமாக முடிந்தது.

1980களின் பிற்பகுதியில் நிலைமை மாறத் தொடங்கியது. பொறிகளின் ஆற்றல் பெருகப் பெருக விளையாட்டொன்றுக்கு வேண்டிய உழைப்பும் பெருகியது. ஓவியர், இசைஞர், முகாமையாளர் எனத் தொழிற்பிரிவினை புகுந்தது. ஒலிநாடாத் தபால் வணிகத்தை விநியோகப் பெருநிறுவனங்கள் விழுங்கின. சிறுபண்ட உற்பத்தியாளர் எங்கும் அடையும் கதியே இது. மின்டர் 1989 அளவில் கொனிக்ஸ் மல்டிசிஸ்டம் என்னும் பிரித்தானியப் பொறிக்கெனத் தமது ஒட்டக விளையாட்டைப் புதிதாக எழுதினார். அப்பொறியோ சந்தைக்கே வரவில்லை. பொறி இறந்தால் அதற்கெழுதிய படைப்பும் இறக்கும். ஓலை செல்லரிப்பதைக் கண்டு வருந்திய ஏட்டுப் பதிப்பாசிரியர்களுக்கு இவ்விழப்பின் தன்மையை விளக்க வேண்டியதில்லை. இதன் பின்னரே 'லாமட்ரொன்' பங்கிடுமென்பொருளாக வெளிவந்தது: எவரும் படியெடுக்கலாம், ஆடலாம், விரும்பினாற் சிறுதொகை அனுப்பலாம். விநியோகத்தை விநியோகத்தரிடமிருந்து மீட்கும் முயற்சி இது. வாசகர் வரவேற்பும் கிட்டியது. எனினும் அதுவே தொழிலாக நீடிக்கவில்லை.

1994 இல் அட்டாரி ஜாகுவாருக்காக அவர் எழுதிய 'டெம்பெஸ்ட் 2000' அவரது தலைசிறந்த படைப்பு என்பதிற் பெரும்பாலும் கருத்து வேறுபாடில்லை, நாமும் உடன்படுகின்றோம். மூலமான 'டெம்பெஸ்ட்' 1981 இல் டேவ் தோரர் அட்டாரியில் ஊழியராயிருந்து இயற்றியது. ஆழ்ந்த குழியொன்றின் விளிம்பில் ஆடுபவர் நகர, அடியாழத்திலிருந்து எதிரிகள் கோடுகள் வழியே ஏறி வருவர். நிலத்திலுள்ள துளையிலிருந்து அரக்கர் ஏறிவரும் கனவே இதன் ஊற்று என்பர். தோரரே முந்திய ஆண்டில் 'மிசைல் கொமாண்ட்' விளையாட்டையும் இயற்றி, அணுவாயுத அழிவுக் கனவுகளால் அலைக்கழிக்கப்பட்டவர். பனிப்போர்க்கால அச்சத்தின் வடிவமே அக்குழி. மின்டர் இவ்வடிவத்துக்குச் செய்தது யாது? விளிம்பில் ஒட்டியிருந்த ஆடுநரை அவர் குதிக்க வைத்தார்; துணைக்குத் தானியங்கித் தோழனொன்றை அளித்தார்; நடனக்கூட இசையின் தாளத்தில் ஒளித்துகள்களைச் சிதறவிட்டார். அச்சத்தின் வடிவம் களிப்பின் வடிவமாயிற்று. மூலத்தில் தனியனாய்ச் சாவை எதிர்நோக்கியவன் இங்கு கூட்டு நடனத்தில் தன்னை இழக்கின்றான். பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் உணர்வமைதி மாறியதை இவ்விரு குழிகளையும் அருகருகே வைத்தே ஆராயலாம். ஜாகுவார் பொறி வணிகத்தில் தோற்றது, படைப்பு நிலைத்தது.

அடுத்து வந்த ஆண்டுகளை விரிக்க வேண்டியதில்லை. 'டிஃபென்டர் 2000' (1996), விஎம் லாப்ஸ் நிறுவனத்தின் நூஒன் பொறிக்கான 'டெம்பெஸ்ட் 3000' (2000), நிறைவுறாமலே 2004 இற் கைவிடப்பட்ட 'யூனிட்டி' என அவை ஒப்பந்த உழைப்பின் ஆண்டுகள். தன் இயல்பின் வெளிப்பாடாக எழுதிய மில்டனையும் பதிப்பகத்துக்காக எழுதிக் குவிக்கும் எழுத்தாளனையும் மார்க்ஸ் வேறுபடுத்திக் காட்டியது இங்கு நினைவுக்கு வரும். மின்டர் இருவராகவும் மாறிமாறி வாழ்ந்துள்ளார். 2007 இன் 'ஸ்பேஸ் ஜிராஃப்' சுதந்திரமான மீள்வரவு. கண்ணைத் திகைக்கவைக்கும் ஒளிப்பெருக்கினூடே செவியைக் கொண்டு ஆட வேண்டிய அக்கடினமான படைப்பு விமர்சகரை இரு கூறாகப் பிளந்தது. விற்பனையில் பழைய 'ஃபிரொகர்' விளையாட்டின் மறுபதிப்பு அதனை மிஞ்சியதைக் கண்டு மின்டர் பகிரங்கமாகவே கசந்துகொண்டார். அக்கசப்பில் நியாயமுண்டு, ஆயினும் வாசகனை அந்த அளவுக்குத் திணறடித்த படைப்பாளிக்கும் பொறுப்புண்டு. 2010 முதல் அப்பிள் கைப்பேசிகளுக்காக அவர் எழுதிய சிறு விளையாட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பழம்பொறியின் பாணியைக் கற்பனையில் மீட்டன. இனிய படைப்புகள். ஆனால் விலை மலிந்த அச்சந்தையில் அவற்றால் வாழ்வு நடத்த இயலாதென்று கண்டு சில ஆண்டுகளில் விலகினார். நிரலெழுதும் கருவி அவர் கையில். சந்தையின் வாயிலோ அப்பிளின் கையில்.

2014 பெப்ரவரியில் சோனியின் கைப்பொறிக்கு 'டிஎக்ஸ்கே' வந்தது. குழி, விளிம்பு, குதிப்பு எல்லாம் 'டெம்பெஸ்ட் 2000' வழிவந்தவை, நிரல் புதிது. வேறு பொறிகளுக்கு அதனை மாற்ற முயன்றபோது அட்டாரியின் சட்டத்தரணிகள் தடுத்தனர். 2015 மார்ச்சில் மின்டர் பகிரங்கப்படுத்தியவாறு, அதனை விற்பனையிலிருந்து நீக்கவும், அவ்வகை விளையாட்டை இனி இயற்றுவதில்லை என ஒப்பமிடவும் அவர் கோரப்பட்டார். தனது ஆக்கச் சொத்தைப் பாதுகாப்பதாக அட்டாரி பதிலிறுத்தது. சட்டச் செலவைத் தாங்கவியலாத மின்டர் புதிய பதிப்புகளைக் கைவிட்டார்.

இந்த அட்டாரி யார்? 1972 இல் தொடங்கப்பட்ட நிறுவனம் 1976 இல் வார்னருக்கு விற்கப்பட்டது; 1984 இற் கூறுபோடப்பட்டது; எஞ்சிய உரிமைகள் 1998 இல் ஹஸ்புரோ கைக்கும், 2001 இல் பிரெஞ்சு நிறுவனமான இன்ஃபோகிராம்ஸ் கைக்கும் மாறின; வாங்கியவர் 2009 இற் பெயரையும் சூடிக்கொண்டனர்; அதன் அமெரிக்கப் பிரிவு 2013 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 1981 இன் 'டெம்பெஸ்ட்' இயற்றிய கையும் அங்கில்லை, 1994 இன் கையும் அங்கில்லை. உள்ளது உறுதி மட்டும். காணியைக் கண்டிராத ஒருவன் உறுதியைக் காட்டி, அதில் வேலிகட்டிக் கிணறு வெட்டிய உழவனை வெளியேற்றுவதை நம் கிராமங்கள் அறியும். இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பை ஆள்வது என மார்க்ஸ் சொன்னதற்கு இதனினும் துலக்கமான எடுத்துக்காட்டு அரிது. பாணர் மரபின் பொதுவடிவத்தைப் பாணனுக்கெதிராகவே தனியுடைமையாக நிறுத்தியது இவ்வழக்கு.

பின்னர் நடந்ததே நமக்கு அதிகம் பாடமாவது. 2018 இல் 'டெம்பெஸ்ட் 4000' மின்டரின் ஆக்கமாக, அட்டாரியின் வெளியீடாக வந்தது. 2023 இல், அட்டாரி 1982 இல் மாதிரி நிலையிலேயே கைவிட்ட 'அக்கா ஆர்' அவரது கையில் மறுபிறப்பெடுத்தது. 2025 இல் தோரரின் 1984 ஆம் ஆண்டுப் படைப்பான 'ஐ, ரோபொட்'. தாம் வளம்படுத்திய நிலத்தில் அவர் வாரக்குடியானார். இதனைச் சரணாகதி என்று இகழ நாம் ஆயத்தமில்லை. வாரக்குடியை அவனது வாரத்துக்காக இகழ்பவன் நிலவுடைமையாளனின் பக்கமே நிற்கின்றான். மேலும் 'அக்கா ஆர்' அவரது பிற்காலப் படைப்புகளுள் மிகக் கட்டுக்கோப்பானது என்றே கருதுகின்றோம். ஒரு வெடிப்பு மற்றொன்றைத் தூண்டும் தொடர்ச்சியைப் பொறுமையோடு திட்டமிட வைக்கும் அதன் அமைப்பில், ஸ்பேஸ் ஜிராஃபின் திணறலுக்குப் பதிலாகத் தெளிவு உள்ளது. ஆனால் சமூக உறவுகளினின்று விலகி நிற்பதே சுதந்திரம் என்னும் மாயை பற்றிக் கிறிஸ்தோபர் கோட்வெல் 1937 இல் எழுதியதை வேல்ஸ் பண்ணையின் அமைதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு நிரலாளர் தனித்து உழைக்கலாம். தனித்து வழக்காட முடியவில்லை. அவரைப் போன்றோர்க்குச் சங்கமோ கூட்டுறவோ இருந்திருப்பின் 2015 வேறுவிதமாக முடிந்திருக்கலாம்.

2024 மார்ச்சில் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் மின்டரின் வாழ்க்கையை ஆவணமாகவும் விளையாடக்கூடிய தொகுப்பாகவும் வெளியிட்டது. ஒலிநாடா உறைகள், விளம்பரங்கள், நாற்பத்திரண்டு விளையாட்டுகள், கொனிக்ஸ் பொறிக்கென எழுதி வெளிவராத ஒட்டகங்கள்கூட அதில் உள்ளன. பதிப்பாசிரியரின் பொறுப்போடு செய்யப்பட்ட பணி. ஆய்வாளர் நன்றி பாராட்ட வேண்டியது. அந்நிறுவனத்தை அட்டாரி அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2023 இல், வாங்கியிருந்தது. தொகுப்பின் வரலாறு 'டெம்பெஸ்ட் 2000' இன் வெற்றியோடு 1994 இல் நின்றுவிடுகின்றது. 'டிஎக்ஸ்கே' அதில் இல்லை.